வேணும், வேணாம் – பயண மோட்டார் சைக்கிளில் பேச்சுக்கருவி பொருத்துவோர்க்கு

நீண்ட பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் ஆசிரியர்களில் சிலரை ஊரில் காண முடியாது. மகிழுந்தை வீட்டில் நிறுத்திவிட்டு, பெரிய மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பெட்டிகளைப் பூட்டிக்கொண்டு, கேமரன் மலைக்கோ கிளந்தானுக்கோ தாய்லாந்து எல்லைக்கோ புறப்பட்டுவிடுவார்கள். பின்னிருக்கையில் துணைவியார் இருப்பார். சில வேளைகளில் வளர்ந்த மகனோ மகளோ இருப்பர். அண்மைக் காலமாக இவர்களுடைய தலைக்கவசத்தின் இடப்பக்கத்தில் தீப்பெட்டியை ஒத்த கருவியொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைகளில் 'இன்டர்காம்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இக்கட்டுரையில் அதனைப் பேச்சுக்கருவி என்றே எழுதுகிறேன்.

இக்கருவியை நான் ஆதரிக்கின்றேன். எனினும் ஒரே ஒரு பணிக்காக மட்டுமே ஆதரிக்கின்றேன். ஓட்டுநரும் பின்னிருப்பவரும், கூட்டமாகச் சென்றால் முன்னும் பின்னும் வருவோரும், சாலையைப் பற்றிச் சொல்லிக்கொள்வதே அப்பணி. கைத்தொலைபேசி அழைப்புகளை அதே கருவிக்குள் அனுமதிப்பதை வன்மையாக எதிர்க்கின்றேன். ஒரே செவிப்பேசி, ஒரே ஒலிவாங்கி. பிறகு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். பெரிய வேறுபாடு உண்டு.

மோட்டார் சைக்கிளில் பேசிக்கொண்டு செல்வது புதிய ஆசையன்று. ஹோண்டா நிறுவனம் 1975இல் வெளியிட்ட 'கோல்டு விங்' வண்டி 1980களில் வானொலியும் பேச்சுக்கருவியும் கொண்ட சுற்றுலா வண்டியாக வளர்ந்தது. அந்நாளில் தலைக்கவசத்திலிருந்து வண்டிக்கு ஒரு கம்பி ஓடும். இறங்கும்போது அதைக் கழற்ற மறந்தவர் கழுத்து இழுபட்டு நிற்பார். பிறகு புளூடூத் வந்தது; கம்பி ஒழிந்தது. தொடக்கத்தில் ஒருவரோடு ஒருவர் சங்கிலிபோல் இணைந்தே பேச முடிந்தது. வகுப்பில் மாணவரை வரிசையாக நிறுத்தி, முதல் மாணவன் காதில் சொன்ன செய்தியைக் கடைசி மாணவனிடம் கேட்கும் விளையாட்டை நாம் நடத்துவோமே, அதனை ஒத்தது அது. நடுவில் ஒருவர் பின்தங்கினால் சங்கிலி அறுந்துபோகும். 2015 அளவில் பரவத் தொடங்கிய வலைப்பின்னல் முறையில் ஒவ்வொரு கருவியும் மற்றவற்றின் பேச்சை வாங்கி அனுப்புவதால், யார் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் தொடர்பு தானே ஒட்டிக்கொள்கிறது. இதற்குத் தொலைபேசிக் கோபுரமே தேவையில்லை. 1982இல் திறக்கப்பட்ட கிரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சென்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டுச் சாலை அது. பல இடங்களில் கைத்தொலைபேசியில் அலைவரிசை கிடைக்காது. யானைகள் கடக்கும் இடம் என்று அறிவிப்புப் பலகைகள் நிற்கும். அங்கே முன்னால் போகும் வண்டியிலிருந்து வரும் ஒரு சொல் பெரிய உதவி.

இனி அழைப்புக்கு வருவோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் வாகனமோட்டுவோரின் கவனத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்கள். 2001இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வொன்று, தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதற்கும் கையில் பிடிக்காமல் பேசுவதற்கும் கவனச் சிதறலில் பெரிய வேறுபாடில்லை என்று காட்டியது. 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வுதான் நம் செய்திக்கு நெருக்கமானது. ஓட்டுவது போன்ற பாவனைக் கருவியில் ஆட்களை அமர்த்தி, நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் சென்று ஓர் ஓய்விடத்தில் வெளியேறச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்விடத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் அமர்ந்த நண்பரோடு பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாக வெளியேறினார்கள்.

ஏன் அப்படி? பக்கத்தில் இருப்பவரும் அதே சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் அவர் பேச்சு தானாகவே குறைகிறது. பேச்சே சாலையைப் பற்றியதாக மாறுகிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கோ, நீங்கள் காராக் மலைச்சாலையின் வளைவில் மழையில் நனைந்துகொண்டு ஒரு லாரியின் பின்னால் இருப்பது தெரியாது. அவர் தேர்வுத் தாள் எப்போது தயாராகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பின்னிருக்கையில் இருப்பவரின் பேச்சு ஓட்டுநருக்கு மேலும் இரண்டு கண்களைக் கொடுக்கிறது. அழைப்பவரின் பேச்சு இருக்கிற இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, கருவியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தலைக்கவசங்கள் இரண்டையும் தங்களுக்குள் இணைப்பது. தொலைபேசியை இணைக்காமல் விடுவது அதற்கடுத்த வேலை. வழிகாட்டியின் குரல் வேண்டும் என்பதற்காக இணைத்தே ஆக வேண்டுமானால், அழைப்புகளைத் தடுத்துவைக்கும் அமைப்பைத் திறன்பேசியில் முடுக்கிவிடுங்கள். 'வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால்?' என்பார்கள். தாப்பா, சுங்கைப் பேராக் என வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நெடுக ஓய்விடங்கள் இருக்கின்றனவே! நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, தேநீரோடு பேசலாம்.

நம் நாட்டுச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் 6,167 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் அறுபது விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பின்னிருக்கையில் இருந்தவர்களும் அக்கணக்கில் அடக்கம். ஆதலால் இதை ஒரு பொழுதுபோக்குக் கருவி பற்றிய விவாதமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

பொருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பட்டறையில் கொடுத்துவிட்டு வருவதைவிட நாமே வீட்டு மேசையில் வைத்துப் பொருத்துவது நல்லது. ஏனெனில் காது நம்முடையது. கன்னத்து மெத்தைகளைக் கழற்றினால், பெரும்பாலான முழுமுகத் தலைக்கவசங்களில் காதுக்கு நேராக ஒரு குழிவு இருக்கும். செவிப்பேசி அதில் உட்கார வேண்டும். பலரும் குழிவின் நடுவில் ஒட்டிவிட்டு ஒலி போதவில்லை என்று குறைபடுகிறார்கள். குழிவின் நடுவும் உங்கள் காதின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தலைக்கவசத்தை அணிந்து, விரலை உள்ளே விட்டுக் காதுத்துளை எங்கே வருகிறது என்று தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விரற்கடை அளவு விலகினாலும் ஒலி பாதியாகிவிடும். செவிப்பேசிக்கும் காதுக்கும் இடையே வெளி அதிகம் இருந்தால், பெட்டியில் வரும் மெல்லிய திண்டை அதன் பின்னால் வைத்து முன்னே கொண்டுவரலாம். காதை அழுத்தக்கூடாது, ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும்.

ஒலிவாங்கி இரண்டு வகை. முகம் திறந்த தலைக்கவசத்திற்கும் தாடைப்பகுதி மேலே தூக்கும் தலைக்கவசத்திற்கும் தண்டோடு கூடியது. முழுமுகத்திற்குப் பொத்தான் போன்று தாடைப்பகுதியின் உட்புறம் ஒட்டுவது. எதுவானாலும் உதட்டுக்கு மிக அருகில், சரியான முகம் வாயை நோக்கியபடி இருக்க வேண்டும். அதன்மேல் இருக்கும் பஞ்சு உறையைத் தேவையற்றது என்று கழற்றிவிடாதீர்கள். காற்றின் இரைச்சலைத் தடுப்பது அதுதான்.

கம்பியை மறைப்பதற்காகத் தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரைப்பகுதியைச் சிலர் கத்தியால் சீவுகின்றனர். வெளி ஓட்டில் துளையிடுவோரும் உண்டு. இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். விழும்போது மண்டையின் அதிர்ச்சியை வாங்கி நசுங்குவதற்கே அந்நுரை இருக்கிறது. சிரிம் முத்திரை பெற்ற தலைக்கவசம் சோதிக்கப்பட்டது வெட்டப்படாத நிலையில்தான். 2021இல் நடப்புக்கு வந்த ஐரோப்பிய 22.06 விதியோ, துணைக்கருவி பொருத்திய நிலையிலும் தலைக்கவசத்தைச் சோதிக்க இடமளிக்கிறது. இவ்வாறு கருவிக்கென்றே இடம் வைத்துச் செய்யப்பட்ட தலைக்கவசங்கள் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குவோர் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். இயக்கும் பெட்டி இடப்பக்கம் இருப்பதற்கும் காரணம் உண்டு. வலக்கை முறுக்கியை விடக்கூடாது.

வண்டியிலிருந்து மின்னேற்றம் எடுப்பதாயின், பெரும்பாலான பயண வண்டிகளில் துணைக்கருவிகளுக்கென்றே ஓர் இணைப்பு முனை கொடுத்திருப்பார்கள். அதிலிருந்து எடுங்கள், முதன்மைக் கம்பிக் கற்றையைக் கீறி ஒட்டாதீர்கள். மின்கலத்திலிருந்து நேராக எடுத்தால் உருகியை மின்கலத்திற்கு அருகிலேயே வையுங்கள். சாவியை அணைத்ததும் மின்னோட்டம் நிற்கும்படியும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேனும் கம்பி இழுபட்டால் அது நடுவழியில் அறும். திறன்பேசியைக் கைப்பிடியில் மாட்டுவோர்க்கு இன்னொன்று: பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு படக்கருவியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வு தாங்கி இல்லாமல் மாட்டாதீர்கள்.

ஒலியளவைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணுவதே இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்தின் உள்ளே காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டக்கூடும். 2019இல் நம் நாட்டில் நடப்புக்கு வந்த தொழிலிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலை நாளுக்கு 85 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இரைச்சலை வெல்லப் பேச்சுக்கருவியின் ஒலியை இன்னும் கூட்டினால் காதின் கதி என்னவாகும்? வியப்பாக இருக்கும், ஆனால் உண்மை இது: காதடைப்பான் அணிந்துகொண்டால் பேச்சு தெளிவாகவே கேட்கும். அது முதலில் இரைச்சலைக் குறைத்துவிடுகிறது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் கத்திக் கற்பிக்கும் நமக்குக் காதும் தொண்டையும்தாம் தொழிற்கருவிகள். அவற்றைச் சாலையில் தொலைத்துவிட்டு வரக்கூடாது.

இதுவரை சொன்னவை பயனர் கையேடுகளிலும் ஓரளவு இருக்கும். கையேட்டில் இல்லாத ஒன்றைத் தமிழாசிரியன் என்ற முறையில் சொல்ல விழைகின்றேன். எந்தச் சொற்களைப் பேசுவது?

'வேணும்', 'வேணாம்' என்னும் இரு சொற்களைக் காற்றிரைச்சலில் சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஓர் உயிரொலியைத் தவிர இரண்டும் ஒன்றே. 'போகலாம்' என்பதும் 'போகலாமா' என்பதும் அப்படியே. ஒருவர் கேட்டது மற்றவருக்கு அனுமதியாகக் கேட்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கும்; எதிர்மறையும் அங்கேதான் நிற்கும். 'இப்போது முந்திக்கொண்டு போக வேண்டாம்' என்னும் வாக்கியத்தில் உயிர்காக்கும் சொல் கடைசிச் சொல். அதைச் சொல்லி முடிக்க ஒன்றரை நொடியாவது ஆகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. வாக்கியம் முடிவதற்குள் ஏறத்தாழ 37 மீட்டர் கடந்துவிடும். பரீட்சைத் தாளில் முழு வாக்கியத்தில் விடையெழுது என்று மாணவரை வற்புறுத்தும் நாம், சாலையில் அதற்கு நேர்மாறாகப் பேசப் பழக வேண்டும்.

'இடம்' என்ற சொல்லையும் பாருங்கள். பின்னிருப்பவர் 'இடம் இருக்கு' என்றால், இடப்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்பதா? புகுந்து செல்ல இடம் இருக்கிறது என்பதா? ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று அழைப்பு. 'இடது', 'வலது' என்பனவும் ஒரே ஓசையில் முடிகின்றன. நம் வீடுகளில் 'கிரி', 'கானான்' என்ற மலாய்ச் சொற்கள் பலருக்கும் நாக்கில் தயாராக இருக்கின்றன. அசையிலும் ஓசையிலும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. அவை விரைந்து வருமானால் அவற்றையே சொல்லுங்கள். நான் தனித்தமிழில் பற்றுள்ளவன்தான். ஆயினும் வளைவில் லாரி வரும்போது அப்பற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

மரியாதை விகுதியும் ஒரு சிக்கல். 'பொறுங்கள்', 'நில்லுங்கள்' என்று முடிப்பதற்குள் அரை நொடி போய்விடுகிறது. துணைவியார் கணவரைப் பார்த்துப் 'பொறு' என்று சொல்லத் தயங்குவார். மகன் தந்தையிடம் அப்படிச் சொல்லவே மாட்டான். இதற்கு வழி, ஏவல் வினையை விட்டுவிட்டு இடரின் பெயரைச் சொல்வது. 'குழி', 'மணல்', 'லாரி', 'எண்ணெய்' – பெயர்ச்சொல்லுக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. எவர் மனமும் புண்படாது. என்ன செய்வது என்பதை ஓட்டுநர் முடிவு செய்துகொள்வார்.

இதனோடு ஒட்டிய விதி ஒன்றுண்டு. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதனை மறக்க வேண்டாம். பின்னிருப்பவர் எச்சரிக்கலாம், அனுமதி தரக்கூடாது. 'முந்தலாமா?' என்று ஓட்டுநர் கேட்கவே கூடாது. கேட்டால், பார்க்க வேண்டிய கண்ணாடியைப் பார்க்காமல் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது பொருள். கூட்டப் பயணத்தில் இது இன்னும் கொடியது. முதல் வண்டி லாரியைத் தாண்டிவிட்டு 'வரலாம்' என்கிறது. அது அந்த வண்டிக்குக் கிடைத்த இடைவெளி. மூன்றாம் வண்டி அங்கே வந்து சேர்வதற்குள் எதிரே வேறொரு வாகனம் வந்திருக்கும். ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்து, தம் முடிவில்தான் முந்த வேண்டும். பேச்சுக்கருவி இல்லாத காலத்தில் கையசைத்துப் பின்னால் வருபவரை அழைக்கும் பழக்கம் இருந்தது. அதே தவறு இப்போது தெளிவான குரலில் காதுக்குள் வருகிறது. கருவியைக் குறை சொல்வோர் இதனைக் காட்டிக் குறை சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பெரிய வண்டி உங்களிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் காலையில் பள்ளி வாயிலுக்கு வரும் கப்சாய் வண்டிகளை நாள்தோறும் பார்க்கிறேன். தலைக்கவசத்திற்கும் கன்னத்திற்கும் இடையில் கைத்தொலைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டே வருகிறார் தந்தை. இன்னொருவர் இரு காதிலும் பாட்டு. பின்னால் புத்தகப்பையோடு ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை. 'அப்பா, கால் செருப்பு விழுந்துவிட்டது' என்று அப்பிள்ளை மூன்று முறை சொல்வது வாயிலில் நிற்கும் எனக்குக் கேட்கிறது, ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை. செருப்பு விழுந்ததைச் சொல்ல முடியாத பிள்ளை, தூக்கம் வருகிறது என்பதையோ கை நழுவுகிறது என்பதையோ எப்படிச் சொல்லும்? தலைக்கவசம் 1973 முதல் நம் நாட்டில் கட்டாயம். அதன் உள்ளே இருக்கும் காதைத் திறந்துவைக்கச் சட்டம் வந்துதான் ஆக வேண்டுமா?

சிறு பிள்ளைகளின் தலைக்கவசத்தில் பேச்சுக்கருவியைப் பொருத்துவதை நான் விரும்பவில்லை. அந்தக் கழுத்துக்குக் கூடுதல் சுமை வேண்டாம். அவர்களுக்குக் காசில்லாத பேச்சுக்கருவி ஒன்று இருக்கிறது. இடுப்பில் ஒரு தட்டு என்றால் 'மெதுவாக'; தொடர்ந்து தட்டினால் 'நிறுத்துங்கள்'. இதை வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியில் உட்காரவைத்துப் பழக்கினால் போதும். காதில் அடைத்திருப்பதைத் தந்தை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பெரியவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி நமக்குப் பழகிய சொல்வதெழுதுதல்தான். புறப்படுவதற்கு முதல் நாள், வண்டியை நிறுத்தியபடியே இயந்திரத்தை முடுக்கிவிடுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் தலைக்கவசத்தை மூடிக்கொண்டு, பின்னிருப்பவர் சொற்களைக் கலைத்துச் சொல்லட்டும். ஓட்டுநர் தாளில் எழுதட்டும். தவறாக எழுதப்பட்ட சொல்லை மாற்றுங்கள். மீண்டும் தவறினால் நீக்கிவிடுங்கள். ஓட்டுநரின் காதைக் குறை சொல்ல வேண்டாம், சொல்லைத்தான் குறை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இருபது சொற்களோடு தொடங்கினோம். இப்போது எஞ்சியிருப்பவை எட்டு: குழி, மணல், எண்ணெய், லாரி, கிரி, கானான், தேநீர், யானை.